பிரவுசர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? ஃபார்மட் போடும் முன் பார்க்க வேண்டியவை

சித்தப்பா வீட்டு லேப்டாப்பில், பிரவுசரில் தேடினால் வேறு தளம் திறக்கும் தொல்லை முதல் தடவை வந்தபோது அவர் நேராகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் ஃபார்மட் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து குரோமைத் திறந்து ஜிமெயிலில் நுழைந்த அன்றைக்கே, கூகுளில் தேடினால் பழையபடி வேறு எங்கேயோ ஓடியது. கோளாறு லேப்டாப்பில் இல்லை. அவருடைய கூகுள் கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு எக்ஸ்டென்ஷன் (பிரவுசருக்குள் நாம் சேர்க்கும் சிறு நிரல்), கணக்கோடு சேர்ந்து திரும்ப இறங்கியிருந்தது. அதை எடுக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது. ஃபார்மட்டில் போன பேத்தியின் காதுகுத்துப் படங்கள் போனவைதான்.

அதற்கப்புறம் அத்தை வீடு, மாடி வீட்டு டீச்சர், தம்பியின் நண்பர்கள் என்று நிறையப் பார்த்துவிட்டேன். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட யாராவது போனை நீட்டுவார்கள். எல்லோரும் சொல்வது ‘வைரஸ் வந்திருச்சு’ என்றுதான். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் ஆறேழு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்குக் கேட்காது. அதனால்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

மெனுப் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் வருவதுபோலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். குரோம் புதுப்பிக்கப்படும்போது இவை இடம் மாறும். கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லை அடித்துப் பாருங்கள்.

## கை வைக்கும் முன்

திரையில் வருவதைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாம் உட்காரும் நேரம் பார்த்து அது வராது. படம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

‘வைரஸை நீக்கும் சாஃப்ட்வேர்’ என்று தேடி, முதலில் வருவதை இறக்காதீர்கள். தேடலின் உச்சியில் வருவது பெரும்பாலும் விளம்பரம். ஒரு தொல்லையை எடுக்கப் போய் மூன்றை ஏற்றிக்கொண்ட கம்ப்யூட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். மாடி வீட்டு டீச்சரின் கம்ப்யூட்டரில் ‘வேகப்படுத்தும்’ மென்பொருள் மட்டும் நான்கு இருந்தன. நான்கும் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக்கொண்டிருந்தன.

வேலை முடியும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

## முதல் சோதனை: கோளாறு எங்கே குடியிருக்கிறது?

(திரையின் மூலையில் பெட்டி பெட்டியாக எச்சரிக்கை வருவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் இதை விட்டுவிட்டு அறிகுறி 1-க்குப் போங்கள்.)

குரோமின் வலது மேல் மூலையில் உங்கள் படம் அல்லது பெயரின் முதல் எழுத்து இருக்கும். அதை அழுத்தினால் கெஸ்ட் என்று ஒரு வழி வரும். கெஸ்ட் ஜன்னலில் உங்கள் எக்ஸ்டென்ஷன்களோ நீங்கள் மாற்றிய அமைப்புகளோ இருக்காது. அதில் ஏதாவது தேடிப் பாருங்கள்.

கெஸ்ட்டில் ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு உங்கள் குரோம் கணக்குக்குள் இருக்கிறது: அறிகுறி 2.

கெஸ்ட்டிலும் அதே தொல்லை என்றால் விண்டோஸோடு வரும் இன்னொரு பிரவுசரான எட்ஜைத் திறந்து பாருங்கள். எட்ஜ் சுத்தமாக இருந்தால் அறிகுறி 2-இல் ஷார்ட்கட் பகுதியையும், பிறகு அறிகுறி 3-ஐயும் பாருங்கள். எட்ஜிலும் அப்படியே என்றால் அறிகுறி 5.

## அறிகுறி 1: ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்’ என்று மூலையில் பெட்டி வருகிறது

என்னிடம் வரும் புகார்களில் அதிகம் இதுதான். பயமுறுத்துவதிலும் இதுதான் முதல். ஆனால் சரிசெய்ய இதைவிட எளிதானது வேறு இல்லை. பெட்டியை உற்றுப் பாருங்கள். பிரபலமான ஆன்டிவைரஸ் ஒன்றின் படம் பெரிதாக இருக்கும். அதற்கு மேலேயோ கீழேயோ பொடி எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், கேள்விப்பட்டிராத ஒரு தள முகவரியும் இருக்கும்.

குரோம் பெயர் இருந்தால், எப்போதோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கிறது, வீட்டில் யாரோ அழுத்தியிருக்கிறார்கள். புதுப்படம் தேடிய தளம், கிரிக்கெட் நேரலை, பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாளில் அவசரமாகத் திறந்த ஏதோ ஒரு பக்கம். யார் அழுத்தியது என்ற விசாரணை வேண்டாம். அடுத்த முறை உங்களிடம் சொல்லாமல் மறைத்துவிடுவார்கள்.

செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். ஜிமெயில், வாட்ஸ்அப் போலத் தெரிந்தவை தவிர மற்றவற்றின் பக்கத்திலிருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி நீக்குங்கள். அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்று வைக்கவும் வழி உண்டு. பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் நான் கேட்காமலே அதை வைத்துவிடுவேன். இதுவரை யாரும் ‘ஏன் நோட்டிஃபிகேஷன் வரவில்லை’ என்று போன் செய்ததில்லை.

எட்ஜ் என்றால் செட்டிங்ஸில் சைட் பர்மிஷன்ஸ் என்று தேடினால் இதே பட்டியல் கிடைக்கும்.

பெட்டியில் பிரவுசர் பெயரே இல்லை என்றால், லேப்டாப் வாங்கும்போதே போட்டு வந்த ஆன்டிவைரஸின் இலவசக் காலம் முடிந்து அது பணம் கேட்டு நச்சரிக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஆப்ஸ் பட்டியலில் போய் அதை அன்இன்ஸ்டால் செய்யலாம். அது போனதும் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டர் தானாக வேலையைத் தொடங்கிவிடும். அதுவும் இல்லை, பெயர் தெரியாத ஏதோ ஒரு புரோகிராம் என்றால் அறிகுறி 2-இன் மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

## அறிகுறி 2: தேடினால் வேறு தளம் வருகிறது, முகப்புப் பக்கம் மாறிவிட்டது

அட்ரஸ் பட்டையில் ஒன்றை அடித்து என்டர் தட்டியதும் அங்கே கண்ணை வையுங்கள். ஏதோ ஒரு முகவரி மின்னல்போல வந்து போய், கடைசியில் யாஹூவோ பிங்கோ திறக்கும். நடுவில் வந்து போனதே குற்றவாளி. யாஹூ மேல் பழி போடாதீர்கள்.

முதல் படி, எக்ஸ்டென்ஷன். மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ், அதில் மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ். நீங்கள் தெரிந்து போட்டவை தவிர எல்லாவற்றையும் ரிமூவ் செய்யுங்கள். பிடிஎஃப் மாற்றி, கூப்பன் காட்டி, வீடியோ இறக்கி, ‘புது டேப்’ அழகாக்கி, வானிலை சொல்லி. இந்த ஐந்து வகையில்தான் என் கையில் அகப்பட்டவற்றில் முக்கால்வாசி.

நெடுநாளாக நல்லபடியாக இருந்த எக்ஸ்டென்ஷன் என்பதற்காகவும் விட்டுவைக்க வேண்டாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. அதிகமான டேப்களைத் தூங்கவைக்கும் நல்ல கருவி, நானே பயன்படுத்தினேன். 2020-இல் அதைச் செய்தவர் அடையாளம் தெரியாத யாருக்கோ விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் அதை நீக்கியது. கை மாறிய விஷயம் பயன்படுத்திய பலருக்குத் தெரியவே இல்லை.

ரிமூவ் பொத்தானே இல்லை, ‘அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டது’ என்கிறது என்றால் அறிகுறி 3-க்குப் போங்கள்.

இரண்டாம் படி, அமைப்புகள். செட்டிங்ஸில் சர்ச் என்ஜின் பகுதியில் கூகுளை (அல்லது உங்களுக்குப் பிடித்ததை) திரும்ப வைத்து, தெரியாத பெயர்களை நீக்குங்கள். ஆன் ஸ்டார்ட்அப் பகுதியில் ஏதாவது முகவரி எழுதியிருந்தால் அதையும்.

மூன்றாம் படி, நிறுவிய புரோகிராம்கள். விண்டோஸ் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவற்றைப் பாருங்கள். பிரிண்டர் டிரைவர் தேடி ஏதோ ஒரு தளத்தில் இறக்கியது, தமிழ் எழுத்துரு இறக்கப் போய்ப் பெரிய பச்சை நிற ‘டவுன்லோட்’ பொத்தானை அழுத்தியது, பையன் விளையாட்டுக்கு ‘மோட்’ போட்டது என்று ஒரு கதை அந்தத் தேதியில் கட்டாயம் இருக்கும். கூடவே ஒரே நாளில் இரண்டு மூன்று புரோகிராம் இறங்கியிருந்தால் எல்லாமே ஒரு குடும்பம்தான். அன்இன்ஸ்டால் செய்யும்போது ‘உறுதியாக நீக்கவா? இலவசச் சலுகை போய்விடுமே’ என்று கெஞ்சும். பளிச்சென்ற பொத்தான் வைத்துக்கொள்வதற்கு, மங்கலான எழுத்து நீக்குவதற்கு. அவசரப்படாமல் படித்து அழுத்துங்கள்.

நான்காம் படி, ஷார்ட்கட். டெஸ்க்டாப்பில் குரோம் படத்தின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் டார்கெட் என்ற கட்டம். குரோம் ஈஎக்ஸ்ஈ என்ற பெயருக்கும் அதை மூடும் மேற்கோள் குறிக்கும் அப்பால் ஏதாவது தள முகவரி தொங்கினால் அதை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். அப்பால் இருப்பது இரண்டு சிறுகோட்டுடன் புரொஃபைல் என்று தொடங்கினால் அது குரோமே எழுதியது, தொட வேண்டாம். டாஸ்க்பாரில் இருக்கும் குரோம் தனி ஷார்ட்கட். அதை அங்கிருந்து எடுத்துவிட்டு, சரிசெய்ததைத் திரும்பப் பொருத்துங்கள். அதை மறந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தையே நான் வீணாக்கியிருக்கிறேன்.

ஐந்தாம் படி, ரீசெட். செட்டிங்ஸில் ரீசெட் செட்டிங்ஸ். முகப்பு, தேடல், புது டேப் எல்லாம் பழைய நிலைக்கு வரும். எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்படும், குக்கீகள் (தளங்கள் உங்களை நினைவில் வைக்கச் சேமிக்கும் சிறு குறிப்புகள்) அழியும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும், பயப்பட வேண்டாம். தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இதோடு நின்றால் நல்லது. மறுநாள் காலையில் திரும்ப வந்து நின்றால் அடுத்த அறிகுறி.

## அறிகுறி 3: எடுத்தாலும் திரும்ப வருகிறது

பலரும் பொறுமை இழந்து கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். திரும்ப வருகிறது என்றால், திரும்பக் கொண்டுவரும் ஆள் ஒருவர் இருக்கிறார். நீங்கள் எடுத்தது அவர் வைத்ததை மட்டும். ஆளைப் பிடிக்க நான்கு இடங்கள் உண்டு. எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதை வைத்தே எங்கே தேடுவது என்று ஊகிக்கலாம்.

கூகுள் கணக்கில் நுழைந்ததும் வருகிறது: சிங்க். சித்தப்பா வீட்டுக் கதை. குரோம் தன் எக்ஸ்டென்ஷன்களையும் அமைப்புகளையும் கணக்கில் சேமித்து, அதே கணக்கு திறக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இறக்கும். செட்டிங்ஸில் யூ அண்ட் கூகுள் பகுதியில் சிங்கை அணையுங்கள். அதே கணக்கு வேறு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று யோசித்து (ஆபீஸ் கம்ப்யூட்டர், ஹாஸ்டலில் இருக்கும் மகளின் லேப்டாப்) அங்கேயும் எடுங்கள். அதன்பின் கூகுள் கணக்கின் குரோம் சிங்க் பக்கத்தில் கீழே இருக்கும் டெலீட் டேட்டாவை அழுத்தினால் அங்கே சேமித்த பிரதி போய்விடும். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் புக்மார்க்குகள் அப்படியே இருக்கும். எல்லா இடமும் சுத்தமான பிறகே சிங்கைத் திரும்பப் போடுங்கள். ஒரு இடம் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

உடனே வருகிறது, அல்லது நீக்கவே முடியவில்லை: பாலிசி. குரோம் மெனுவின் அடியில் ‘மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று ஒரு வரி இருக்கிறதா? பெரிய அலுவலகங்கள் ஊழியர்களின் குரோமைக் கட்டுப்படுத்த வைத்த வசதி அது. உங்கள் லேப்டாப் கம்பெனி கொடுத்தது என்றால் அந்த வரி இருப்பது சரிதான். எதையும் தொடாமல் உங்கள் ஐடி பிரிவிடம் சொல்லுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தால் எவனோ தன்னை உங்கள் முதலாளி ஆக்கிக்கொண்டான் என்று பொருள். (சில ஆன்டிவைரஸ்களும் இப்படி ஒரு வரியைப் போடும். அதனால் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு கை வையுங்கள்.)

அட்ரஸ் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு பாலிசி என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் என்ற பெயர் இருந்தால் ஆள் அகப்பட்டார்.

எடுக்க எளிய வழி, மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஆட்வ்கிளீனர் என்ற, வேண்டாத விளம்பர நிரல்களை நீக்கும் கருவி. நிறுவ வேண்டியதில்லை, இறக்கி இரட்டைக் கிளிக் செய்தால் ஓடும். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதன் செட்டிங்ஸில் குரோம் பாலிசிகளை ரீசெட் செய்யும் பொத்தானை முதலில் போட்டுவிட்டு ஸ்கேன் கொடுங்கள். அதுவே கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். பழைய வழிகாட்டிகளில் ‘குரோமுக்குள்ளேயே கிளீன்அப் கருவி இருக்கிறது’ என்று படித்துவிட்டுத் தேடாதீர்கள். அதை 2023 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள்.

அதிலும் போகவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி). ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கினால் அந்தப் பாலிசி உட்கார்ந்திருக்கும். ஹெச்கீ கரன்ட் யூசரின் கீழும் இதே வழியில் பாருங்கள். அழிக்கும் முன் அந்தக் கோப்புறையை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வையுங்கள். இந்தப் பத்தியைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கினால் இதுதான் நீங்கள் நிறுத்த வேண்டிய இடம். தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் தப்பான இடத்தை அழித்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம்.

தினமும் ஒரே நேரத்தில், அல்லது கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாக ஒரு பக்கம் திறக்கிறது: டாஸ்க் ஷெட்யூலர் (புரோகிராம்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவி). ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரியில் இருக்கும் வரிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆக்ஷன்ஸ் என்ற பகுதி அது எதை ஓட்டுகிறது என்று காட்டும். பிரவுசரை ஒரு தள முகவரியோடு திறப்பதோ, ஆப்டேட்டா கோப்புறைக்குள்ளிருந்து புரியாத பெயர் கொண்ட எதையோ ஓட்டுவதோ இருந்தால் சந்தேகம் சரி. உடனே அழிக்காமல் டிஸேபிள் மட்டும் செய்து இரண்டு நாள் பாருங்கள். ஒன்றும் கெடவில்லை, தொல்லையும் நின்றது என்றால் அழித்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பட்டியலையும் ஒரு கண் பாருங்கள்.

இவற்றில் எதிலும் சிக்கவில்லை என்றால்: விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே தேடும். அதனால் ஒளிந்திருப்பதும் மாட்டும். சுமார் 15 நிமிடம் என்று சொல்வார்கள். அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் என்றால் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். நம் ஊருக்கென்று இன்னொரு இடமும் உண்டு: மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா. அந்தத் தளத்தில் தீங்கான நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறார்கள்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 4: திரை முழுக்க சிவப்பு எச்சரிக்கை, அலாரம், ஒரு போன் நம்பர்

அந்த நம்பருக்குப் பேசாதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. அது வெறும் ஒரு வலைப்பக்கம்.

எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் ஆல்ட்டும் எஃப்4-உம். அதுவும் இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் குரோமுக்கு எண்ட் டாஸ்க். மறுபடி திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்கும். வேண்டாம். மீட்டால் அதே பேய் திரும்ப வரும்.

ஏற்கெனவே பேசி, அவர்கள் சொன்ன, தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க விடும் எனிடெஸ்க் போன்ற செயலியையும் போட்டுவிட்டீர்களா? அப்படியானால் நெட்டை அணையுங்கள், வங்கிக்குப் போன் செய்யுங்கள், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930. பிரவுசரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 5: எல்லா பிரவுசரிலும் இதே கதை

அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் என்றால்: விண்டோஸ் செட்டிங்ஸ், நெட்வொர்க், பிராக்ஸி (நெட்டை இன்னொரு சர்வர் வழியாகத் திருப்பும் அமைப்பு). யூஸ் எ பிராக்ஸி சர்வர், யூஸ் செட்அப் ஸ்கிரிப்ட் இரண்டும் வீட்டில் அணைந்திருக்க வேண்டும். பிறகு ஆட்வ்கிளீனர் ஒரு தடவை. அணைத்த பிராக்ஸி தானாகத் திரும்பப் போட்டுக்கொண்டால், அதைப் போடும் புரோகிராம் இன்னும் உள்ளே இருக்கிறது. அறிகுறி 3-இன் கடைசி இரண்டு இடங்களைப் பாருங்கள்.

வீட்டிலிருக்கும் எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் என்றால்: ஒரு போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்கள். டேட்டாவில் ஒழுங்கு, வைஃபையில் கோணல் என்றால் ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பை (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தருவது) யாரோ மாற்றியிருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் நடக்காதது இல்லை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற நிரல் இப்படிச் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களின் டிஎன்எஸ்ஸைத் திருப்பிவிட்டிருந்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்த பிறகும், சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடும் என்று 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்களை ஓட்ட வேண்டியிருந்தது.

ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கும் எண்ணும் பாஸ்வேர்டும் அதன் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். டிஎன்எஸ் இடத்தில் ஆட்டோமேட்டிக் என்றோ, 8.8.8.8, 1.1.1.1 போன்ற தெரிந்த எண்களோ இருந்தால் சரி. வேறு எண் என்றால் அது உங்கள் நெட் நிறுவனத்துடையதா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

ஊசியால் குத்தும் ரீசெட் துளை ஒன்று பின்பக்கம் இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். ஃபைபர் இணைப்பு என்றால் கேபிள்காரர் போட்டுவைத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்து, அவர் வரும்வரை வீட்டில் நெட்டே இருக்காது. ரீசெட்தான் வழி என்று தோன்றினால் முதலில் அவருக்குப் போன் செய்து, அவர் இருக்கும்போது செய்யுங்கள்.

## அறிகுறி 6: போனில், ஒன்றும் திறக்காமலே விளம்பரம் வருகிறது

முதலில் போன் குரோமிலும் நோட்டிஃபிகேஷன் பட்டியலைப் பாருங்கள், அறிகுறி 1 போலவே.

முழுத்திரை விளம்பரம் குதிக்கும்போது மூடாதீர்கள். ரீசன்ட்ஸ் பொத்தானை அழுத்தினால் அந்த விளம்பரம் ஓர் அட்டையாக நிற்கும், அதன் தலையில் எந்தச் செயலியுடையது என்ற படம் இருக்கும். கிளீனர், க்யூஆர் ஸ்கேனர், டார்ச், வால்பேப்பர் என்று ஏதாவது ஒன்று. அத்தை போனில் பேட்டரியைக் காப்பாற்றும் செயலிதான் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது.

அடையாளம் தெரியாவிட்டால் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ் என்று தேடுங்கள். அந்த அனுமதி பெற்ற செயலிகளில் சம்பந்தமில்லாதவற்றின் அனுமதியை எடுத்துவிட்டு நீக்குங்கள். நீக்க விடாவிட்டால் டிவைஸ் அட்மின் பட்டியலில் அதன் பெயர் இருக்கும். அங்கே அணைத்துவிட்டு முயலுங்கள். அதற்குள் விளம்பரம் குறுக்கே வந்துகொண்டே இருந்தால் சேஃப் மோடில் திறங்கள். பல போன்களில் திரையில் வரும் பவர் ஆஃப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கேட்கும். அப்போது நாமாகப் போட்ட செயலிகள் ஓடாது.

வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’ என்றோ ‘டிராஃபிக் ஃபைன்’ என்றோ வந்த ஏபிகே கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) திறந்து நிறுவியிருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு இல்லை. அவை ஓடிபி குறுஞ்செய்தியைத் திருட வந்தவை. ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள், படங்களை எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

## அறிகுறி 7: ‘ரோபோ இல்லை’ என்று காட்ட விண்டோஸ் விசையும் ஆர்-உம் அழுத்தச் சொன்னது, செய்துவிட்டோம்

இது 2024-இலிருந்து பரவியிருக்கும் தந்திரம். விண்டோஸும் ஆர்-உம், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று மூன்று படி சொல்லும். அந்தத் தளம் ரகசியமாகக் காப்பி செய்து வைத்த கட்டளையை நீங்களே உங்கள் கையால் ஓட்டுகிறீர்கள்.

செய்திருந்தால் மேலே சொன்ன எதையும் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். நெட்டை அணையுங்கள். வேறு ஒரு சுத்தமான போனிலிருந்து ஜிமெயில், வங்கி, சமூக வலைத்தளப் பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லா இடத்திலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது. திருடப்படுவது லாகின் செய்த நிலையைக் காட்டும் குக்கீயும்தான். பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நான் செய்வது. இதில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

## எப்போது கடைக்கு, போனால் என்ன சொல்வது

அறிகுறி 3 முழுவதும் முடித்தும் நிற்கவில்லை, அறிகுறி 7, டிஃபெண்டர் திறக்கவே முடியாமல் அணைந்து கிடக்கிறது. இந்த மூன்றில் எது என்றாலும் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நேரத்துக்கு லாபம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய கம்ப்யூட்டர் என்றால் 11 ஏறுமா என்று கடைக்காரரிடம் அப்போதே கேட்டுவிடலாம்.

நீங்களே செய்ய: செட்டிங்ஸில் ரெகவரி, ரீசெட் திஸ் பிசி. கீப் மை ஃபைல்ஸ் என்றால் கோப்புகள் இருக்கும், புரோகிராம்கள் போகும். அறிகுறி 7 என்றால் ரிமூவ் எவ்ரிதிங் கொடுங்கள். கிளவுட் டவுன்லோட் தேர்ந்தால் 4 ஜிபிக்கு மேல் இறங்கலாம், டேட்டா பார்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்த பிறகு.

கடை என்றால் இரண்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலாவது, டெஸ்க்டாப்பில் இருப்பவை வேண்டும். ‘டி டிரைவைத் தொட மாட்டோம் சார்’ என்பார்கள். நம் வீடுகளில் எல்லாமே டெஸ்க்டாப்பில்தான் கிடக்கும், டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். சித்தப்பாவின் படங்கள் போனது இப்படித்தான்.

இரண்டாவது, லேப்டாப்போடு வந்த அதே விண்டோஸ் வகையைப் போடச் சொல்லுங்கள். நம் ஊரில் விற்கும் வீட்டு லேப்டாப்களில் பலவும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் வகையோடு வருகின்றன. அதன் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், அதே வகையைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். சில கடைகளில் கையிலிருக்கும் புரோ வகையைப் போட்டு, ஆக்டிவேட்டர் என்று ஒரு திருட்டு நிரலை ஓட்டுவார்கள். அதை ஓட்ட டிஃபெண்டரை அணைக்க வேண்டும். காசு கொடுத்து வைரஸை எடுத்து, கதவையும் திறந்து வைத்துவிட்டு வந்த கதை.

லேப்டாப் வீட்டுக்கு வந்ததும், குரோமில் கணக்கைத் திறக்கும் முன் மூன்று வேலை. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் பக்கத்தில் பொட்டன்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்கை (வேண்டாத புரோகிராம்களைத் தடுப்பது) போடுங்கள். பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டர்ட் கணக்கு தொடங்குங்கள் (எல்லாவற்றையும் தடுக்காது, பாதியைத் தடுக்கும்). குரோமில் விளம்பரங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனான யூபிளாக் ஆரிஜின் லைட் போடுங்கள், பொய்யான டவுன்லோட் பொத்தான்கள் பெரும்பாலும் கண்ணில் படாது. அதற்கப்புறம் கணக்கில் நுழைந்து, சிங்க் வேண்டுமா என்று கேட்கும்போது இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய சிங்க் பிரதியை அழித்த பிறகு போடுங்கள்.